முந்நூற்றுப் பதின்மூன்றாவது உடம்பு

“கண்ணைக் கட்டி விடுங்கோ. மனுசன்ர நெஞ்சுக்குள்ளயும் வயித்துக்குள்ளயும் எது எந்தப் பக்கம் கிடக்கெண்டு தொடாமலே சொல்லுவன். நரம்பு நாடி அங்கை இஞ்சை வளைஞ்சு ஓடும், அது வேற கதை. ஆனால் பெரிய உறுப்பு ஒண்டும் பக்கம் மாறாது. வள்ளம் வைச்சிருக்கிற சம்மாட்டிக்கும் மாறாது, கூலிக்குப் போறவனுக்கும் மாறாது. முந்நூற்றிப் பன்னிரண்டு பேரைத் திறந்து பாத்த கண் இது!”

யாழ்ப்பாணத்துக்கு அப்பால் எழுவைதீவு இறங்குதுறையில், படகுக்குக் காத்திருந்த பதினொரு பேர், இரண்டு ஆடுகள், ஒரு காஸ் சிலிண்டர் ஆகியோர் முன்னிலையில் பஸ்ரியாம்பிள்ளை இந்தப் பிரகடனத்தை வெளியிட்டார். மறுத்துப் பேச ஒருவரும் இல்லை. ஆடுகளில் ஒன்று மட்டும் தலையை ஆட்டியது. அது ஈயை விரட்டுவதற்காக இருக்கலாம்.

திறந்து பார்த்தவர் என்றதும் அவரை டொக்டர் என்று எண்ணிவிடக் கூடாது. அப்படி எண்ணியவர்களை அவர் பெரிதாகத் திருத்தியதும் இல்லை. 1984 இலிருந்து 2020 வரை, முப்பத்தாறு வருடம், யாழ்ப்பாணத்தில் மருத்துவ மாணவர்கள் உடல்களை அறுத்துப் படிக்கும் மண்டபத்தில் சிற்றூழியராக இருந்தவர். உடல்களை மருந்துத் தொட்டியில் இறக்குவது, தூக்கி மேசையில் கிடத்துவது, ஈரத்துணியால் மூடுவது, படிப்பு முடிந்ததும் சின்னத் துண்டுகூடத் தவறாமல் சேர்த்து அடக்கத்துக்கு அனுப்புவது, இவைதான் உத்தியோகம். அறுத்தவர்கள் மாணவர்கள். வாளியோடு நின்று அவர்களுடைய தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தவர் பஸ்ரியாம்பிள்ளை. வைத்தியத்தின் வரலாறு முழுவதும் கத்தி பிடித்தவர்களைப் பற்றியே எழுதப்பட்டிருக்கிறது. வாளி பிடித்தவர்களுக்கு அதில் ஒரு பந்தி கிடையாது. அந்த அநீதியைக் கொஞ்சமாவது துடைக்கவே இவ்வளவும் எழுத வேண்டியிருக்கிறது.

வாளிக்கு வெளியேயும் அவருக்கு வேலை இருந்தது. காலையில் மாணவர்கள் வருவதற்கு முன்னர் ஒவ்வொரு மேசையடியிலும் நின்று மாதாவை நோக்கி ஓர் அருள்நிறை மந்திரம் சொல்லுவார். கிடப்பவர் சைவமா கிறிஸ்தவமா என்று விசாரிப்பதில்லை. “எனக்குத் தெரிஞ்சது இதுதான். பிடிக்காட்டி அவையள் எழும்பிச் சொல்லட்டும்” என்பது அவருடைய நிலைப்பாடு. பெயர் தெரியாத அந்த மனிதர்களை அவர் எண்களால் நினைவு வைத்திருந்தார். ஐம்பத்துநாலாம் ஆளுக்கு ஈரல் கறுத்திருந்தது. நூற்றொன்பதாம் ஆளுக்கு விரல்கள் நீளம், வயலின் வாசித்திருப்பாரோ என்னவோ. 1995 இல் போரால் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்து நடந்தபோது, மற்ற ஆண்கள் சைக்கிளில் தையல் மெசினையும் அரிசி மூட்டையையும் கட்டிக்கொண்டு போக, இவர் ஒரு முழு எலும்புக்கூட்டை உரப்பையில் போட்டுக் கட்டிக்கொண்டு போனார். பிள்ளைகள் எங்கே இருந்தாலும் படிக்கவேண்டுமாம். மனைவி ஞானசவுந்தரியின் தையல் மெசின் வீட்டில் நின்றது. திரும்பி வந்தபோது அது நிற்கவில்லை. எலும்புக்கூடு பத்திரமாகத் திரும்பியது. இதைப்பற்றி ஞானசவுந்தரி இன்றுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. சட்டை தைக்கக் கொடுக்கும்போது மட்டும் பெருமூச்சு விடுவார்.

ஓய்வு பெற்றபின் இருவரும் பிறந்த தீவுக்கே வந்தார்கள். ஊர் அவருக்குப் ‘பாதி டொக்டர்’ என்று பட்டம் சூட்டியது. எந்தப் பாதி என்று ஊர் சொல்லவில்லை. அவர் மேல்பாதி என்று எடுத்துக்கொண்டு, இறங்குதுறை வாங்கில் உட்கார்ந்து தினமும் விரிவுரை நடத்தத் தொடங்கினார். அவருடைய பிரதான மாணவர் யாக்கோப்பு. ஒரே வயது, ஒரே வகுப்பு, வலை பின்னியபடியே கேட்பார்.

“ஆயிரத்தெண்ணூறு வருசத்துக்கு முன்னம் கேலன் எண்டு ஒரு பெரிய வைத்தியர் இருந்தவர்,” என்று தொடங்குவார் பஸ்ரியாம்பிள்ளை. “மனுசரை அறுக்க அந்த நாட்டில விடேல்லை. அந்தாள் என்ன செய்தது? குரங்கை அறுத்தது, பண்டியை அறுத்தது. மனுசனும் உள்ளுக்கை உப்பிடித்தான் எண்டு எழுதி வைச்சிட்டுது.”

“எங்கட ஊரில சில பேருக்கு அது சரியாத்தான் இருக்கும்,” என்றார் யாக்கோப்பு.

“சும்மா இரடாப்பா. பேந்து ஆயிரத்து முந்நூறு வருசமா உலகம் முழுக்க அந்தப் புத்தகம்தான். வாத்தியார் உயரக் கதிரையில இருந்து வாசிப்பார். கீழ நிண்டு நாவிதன் ஒருத்தன் அறுப்பான். புத்தகத்தில ஒண்டு கிடக்கும், உடம்பில ஒண்டு கிடக்கும். வாத்தியார் குனிஞ்சு பாக்கமாட்டார்.”

“அறுக்கிறவன் சொல்லமாட்டானோ?”

“சொன்னால் ஆர் கேக்கிறது? அவன் என்னைப்போல ஆள்.”

பிறகு வெசாலியஸ் வருவார். இருபத்தெட்டே வயதான அந்த இளைஞர் கதிரையை விட்டு இறங்கி வந்து தன் கையாலேயே அறுத்துப் பார்த்ததையும், கீழ்த்தாடையில் இரண்டு எலும்பு என்று கேலன் எழுதியிருக்க ஒன்றுதான் இருக்கக் கண்டதையும் பஸ்ரியாம்பிள்ளை சொல்லும்போது, வாங்கில் இருக்கும் எல்லோரும் தங்கள் தாடையைத் தடவிப் பார்ப்பார்கள்.

“அதுக்குக் கேலன்ர ஆக்கள் என்ன சொன்னவை தெரியுமே? கேலன் பிழையில்லையாம். அவர் செத்த பிறகு மனுசன்ர உடம்புதான் மாறிப்போச்சாம்! புத்தகத்துக்கு ஏத்த மாதிரி உடம்பு பிறக்கவேணும் எண்டு நிண்ட விசரங்கள். அவங்கள் தோத்த பிறகுதான் வைத்தியம் வைத்தியமா வந்தது. ரத்தம் சுத்தி வாறது தெரிஞ்சது. எது எங்க கிடக்கெண்டு தெரிஞ்சபடியால்தான் வயித்தில துணிஞ்சு கத்தி வைக்க ஏலுமாய் வந்தது. இல்லாட்டி எந்த வருத்தத்துக்கும் கெட்ட ரத்தமெண்டு நாடியைக் கீறி விடுறதுதான்.”

கோயிலில் இருந்த புனித தோமையாரின் சுருவச் சிலைமீது அவருக்குத் தனிப் பிரியம். காயத்தில் விரலை வைத்துப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்றவர் அல்லவா? “எங்கட தொழிலுக்குரிய அர்ச்சிஷ்டவர் அவர்தான்” என்பார். பூசையிலும் தொழிலை மறப்பதில்லை. பாவத்தை ஏற்றுக்கொள்ளும் செபத்தில் எல்லோரும் மூன்று தரம் நெஞ்சில் தட்டும் இடம் ஒன்று உண்டு. தீவுச் சனம் நடுநெஞ்சில் ஏதோ தட்டிவைக்க, பஸ்ரியாம்பிள்ளை மட்டும் இடப்பக்கத்தில், ஐந்தாம் விலா இடுக்குக்கு நேரே, பக்கத்து வாங்குக்கும் கேட்கும்படி தட்டுவார். பூசை முடிந்து வெளியே வந்ததும் திருத்தம் நடக்கும். “நடுவில தட்டுறியள், அங்க வெறும் எலும்பு. பாவம் செய்தது இருதயமெல்லே? அது இஞ்ச கிடக்கு.” தன் நெஞ்சிலேயே இடத்தைத் தொட்டுக் காட்டுவார்.

இவரை வெறும் வாய்ப்பேச்சுக்காரர் என்று தள்ளிவிடவும் முடியாது. இரண்டு வருடங்களுக்கு முன்னர் யாக்கோப்பு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டபோது, அவரைக் கிடத்தி, வலது இடுப்பெலும்பு முனையிலிருந்து தொப்புளுக்கு ஒரு கோடு கற்பனை செய்து, அதில் மூன்றில் ஒரு பங்குத் தூரத்தில் விரலை வைத்து அழுத்தினார். யாக்கோப்பு போட்ட சத்தம் பக்கத்து அனலைதீவுக்கும் கேட்டிருக்கும். “அப்பெண்டிக்ஸ். இப்பவே படகில ஏத்துங்கோ. வெடிச்சால் வயிறு முழுக்கச் சீழ், பேந்து டொக்டர் வேண்டாம், அடக்கத்துக்குச் சுவாமியார் காணும்.” அன்றே ஏற்றினார்கள். அன்றே அறுத்தார்கள். யாக்கோப்பு பிழைத்தார். அன்றிலிருந்து பஸ்ரியாம்பிள்ளையின் விரலைத் தீவில் ஒருவரும் சந்தேகிக்கவில்லை.

ஒருவரும் என்பது தவறு. ஞானசவுந்தரிக்கு ஒரே ஒரு சந்தேகம் இருந்தது. 1987 இல் கலியாணம் முடித்த புதிதில், கணவருடைய நெஞ்சில் தலைவைத்துப் படுத்திருந்தவர் சொன்னார்: “இஞ்சாருங்கோ, உங்கட நெஞ்சு இந்த வலப்பக்கமெல்லே அடிக்குது.”

பஸ்ரியாம்பிள்ளை சிரித்தார். மூன்று வருட மண்டப அனுபவம் அப்போதே அவரிடம் இருந்தது. “அது எதிரொலி. உடம்பெண்டால் ஒரு வீடு மாதிரி. குசினியில தட்டினால் அறையில கேக்கும்.”

ஞானசவுந்தரி முப்பத்தேழு வருடமாக அந்தக் காதை அந்தப் பக்கமே வைத்தார்.

2024 நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை காலை பஸ்ரியாம்பிள்ளைக்குத் தொப்புளைச் சுற்றி வலித்தது. அவர் உடனே முந்திய நாள் இரவுச் சாப்பாட்டின்மேல் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தார். “உம்மட சுறா வறை செய்த வேலை இது.” பின்னேரமானதும் வலி இறங்கி, வயிற்றின் கீழே இடப்பக்கத்தில் குடியேறியது. கட்டிலில் நேராகப் படுத்து, தன் வலப்பக்கத்தில் அந்தப் புகழ்பெற்ற கோட்டைப் போட்டு, புகழ்பெற்ற விரலால் அழுத்தினார். வலியில்லை. இன்னும் அழுத்தினார். இல்லவே இல்லை.

“அப்பெண்டிக்ஸ் இல்லை,” என்று தீர்ப்பு வந்தது. “வாய்வு. உள்ளி அவிச்சுத் தாரும்.”

“வலி இந்தப் பக்கமெண்டால் இந்தப் பக்கமெல்லே அமத்திப் பாக்கவேணும்?”

“அங்க அமத்தி என்ன பிரயோசனம்? அங்க அப்பெண்டிக்ஸ் இல்லையெல்லே!”

சனிக்கிழமை காலை ஞானசவுந்தரி ஒரு பையில் சாரமும் துவாயும் பால்மாப் பெட்டியும் வைத்துக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார். வாடைக்காற்று எழும்பத் தொடங்கியிருந்தது. அன்றைய படகை விட்டால் அடுத்தது எப்போது ஓடும் என்று கடலைத்தான் கேட்கவேண்டும். யாக்கோப்பும் வந்து பார்த்தார்.

“டேய், உன்ர முகம் செத்த மீன்ர நிறம். எனக்கு வந்ததுதான் இது. வெளிக்கிடு.”

“உனக்கு எந்தப் பக்கம் வந்தது?”

“வலப்பக்கம்.”

“எனக்கு எந்தப் பக்கம் நோகுது?”

“இடப்பக்கம்.”

“பேந்தென்ன கதை?” என்றார் பஸ்ரியாம்பிள்ளை, சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தபடி. “வாய்வுக்கு ஆஸ்பத்திரிக்குப் போய் நிண்டால், என்னட்டைப் படிச்ச டொக்டர்மார் என்ன நினைப்பினம்?”

படகு போய்விட்டது. இரவு காற்று முற்றியது. ஞாயிறு விடிந்தபோது அவருடைய உடம்பு அடுப்புப்போல் கொதித்தது. சேவைப் படகு ஓடாது என்று செய்தி வந்தது. ஞானசவுந்தரி நேரே ஜோர்ஜின் வீட்டுக்குப் போனார். ஜோர்ஜிடம் சொந்தமாக ஒரு பிளாஸ்ரிக் வள்ளமும், கேட்டால் புறப்படும் எஞ்சினும், கேட்காமலே கிடைக்கும் புறுபுறுப்பும் இருந்தன.

“அக்கா, கடலைப் பாத்தனீங்களோ?”

“பாத்தனான். அவரையும் பாத்தனான். அவர் வேண்டாமெண்டுதான் சொல்லுவார். நீ கேளாதை, தூக்கு.”

தூக்கினார்கள். பிளாஸ்ரிக் கதிரையில் இருத்தி, இரண்டு பேர் முன்னும் பின்னும் பிடித்து, அந்தப் பழைய வாங்கைத் தாண்டிக் கொண்டுபோனார்கள். வள்ளத்தில் யாக்கோப்பு தண்ணீர் தெறிக்காமல் தறப்பாளைப் பிடித்துக்கொண்டிருக்க, அலை ஒவ்வொன்றும் பஸ்ரியாம்பிள்ளையின் வயிற்றுக்குள்ளேயே வந்து மோதியது. ஊர்காவற்றுறைக் கரை தெரியும்வரைக்கும் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னார். “வாய்வு.” ஞானசவுந்தரி செபமாலையை உருட்டினார். “ஓம், வாய்வுதான். கண்ணை மூடாதையுங்கோ” என்று இடைக்கிடை சொன்னார். முப்பத்தேழு வருடத்தில் அவர் கணவரிடம் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

அங்கிருந்து அம்புலன்ஸ். யாழ்ப்பாணத்தில் அன்று கடமையில் இருந்த சத்திரசிகிச்சை டொக்டர் பிரியவதனி, வேலணைக்காரி. இருபது வருடத்துக்கு முன்னர் பஸ்ரியாம்பிள்ளையின் மண்டபத்தில் முதல் நாள் மயங்கி விழுந்து, அவருடைய வாளித் தண்ணீரால் எழும்பியவர்.

“பஸ்ரியண்ணை! நீங்களோ?”

“ஒண்டுமில்லைப் பிள்ளை. இடப்பக்கம் வாய்வு.”

டொக்டர் வயிற்றைத் தொட்டார். இடப்பக்கத்தில் கை பட்டதும் பஸ்ரியாம்பிள்ளை கட்டிலை விட்டு ஒரு முழம் எழும்பி விழுந்தார். பிறகு காதில் குழாயை மாட்டி நெஞ்சில் வைத்தார். கொஞ்சம் நகர்த்தினார். இன்னும் நகர்த்தினார். நெற்றி சுருங்கியது.

“அஞ்சாம் விலா இடுக்கு, பிள்ளை,” என்றது கட்டிலில் இருந்து ஒரு பலவீனமான குரல். “மறந்திட்டீரோ?”

“மறக்கேல்லை அண்ணை. அங்கதான் வைச்சிருக்கிறன். சத்தம் சரியாக் கேக்குதில்லை.”

அறையில் இருந்த அத்தனை படிப்பும் ஒரு கணம் திகைத்து நின்றது. சுவரோடு ஒட்டி, ஈரச்சேலையோடு நின்ற ஞானசவுந்தரிதான் பேசினார்.

“வலப்பக்கம் வைச்சுப் பாருங்கோ பிள்ளை. அவருக்கு அது உங்காலதான்.”

டொக்டர் அவரைப் பார்த்தார். பிறகு குழாயை வலப்பக்கம் வைத்தார். அங்கே அது, அறுபத்துநாலு வருடமாக ஒரு வைத்தியரும் கதவு தட்டாத வீட்டில், மிக ஒழுங்காக அடித்துக்கொண்டிருந்தது.

எக்ஸ்றே எடுத்தார்கள். வயிற்றை ஸ்கான் பண்ணினார்கள். டொக்டர் படத்தை வெளிச்சப் பெட்டியில் வைத்துக் காட்டினார்.

“படத்தைத் திருப்பிப் பிடிச்சிருக்கிறீர்,” என்றார் பஸ்ரியாம்பிள்ளை.

“இல்லை அண்ணை. இந்த எழுத்தைப் பாருங்கோ, உங்கட இடப்பக்கத்துக்கு வைச்ச குறி. திருப்பினால் இதுவும் திரும்பும். உங்களுக்கு உள்ளுக்கை எல்லாம் கண்ணாடியில பாக்கிற மாதிரி மாறிக் கிடக்கு. நெஞ்சு வலம், ஈரல் இடம். அப்பெண்டிக்ஸும் இடம். பத்தாயிரம் பேரில ஒராளுக்கு இப்பிடி வரும். அதால ஒரு கரைச்சலும் இல்லை. ஆனால் இந்த அப்பெண்டிக்ஸை உடன எடுக்கவேணும். இண்டைக்கு வராமல் விட்டிருந்தால்...”

மீதியை அன்று யாக்கோப்புக்குச் சொன்னவரே கட்டிலில் கிடந்தார்.

பஸ்ரியாம்பிள்ளை படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு 1984 ஞாபகம் வந்தது. வேலைக்குச் சேர வைத்தியச் சான்றிதழ் வேண்டும் என்று, பட்டணத்தில் அப்போது இருந்து இப்போது இல்லாமல்போன ஒரு தனியார் எக்ஸ்றே கடைக்குப் போனார். அங்கிருந்த மனுசன் படத்தை யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார், முகத்தைச் சுளித்தார், தன்னுடைய கவனக்குறைவை நினைத்துத் தானே சிரித்தார், படத்தை மறுபக்கம் திருப்பிப் பிடித்தார். இப்போது இருதயம் புத்தகத்தில் உள்ள இடத்தில் இருந்தது. ‘எல்லாம் சரி’ என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். அந்தக் கடிதத்தோடுதான் இவர் மண்டபத்துக்குள் போனார். பிறகு முப்பத்தாறு வருடம் வைத்தியர்களுக்கு நடுவிலேயே நின்றவர், தன்னை ஒரு வைத்தியரிடமும் காட்டியதில்லை. எல்லாம்தான் தெரிந்திருந்ததே!

“முந்நூற்றிப் பன்னிரண்டு பேரைப் பாத்தனான், பிள்ளை,” என்றார் மெதுவாக. “இந்த ஒராளை மட்டும் பாக்கேல்லை.”

அன்று பின்னேரம் டொக்டர் பிரியவதனி, வழக்கமாக நிற்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் நின்று, இடப்பக்கத்தில் அறுத்து, வெடிக்கத் தயாராக இருந்த அந்தச் சிறு துண்டை எடுத்தார். கேலனுடைய பிழையைக் கண்டுபிடிக்க உலகத்துக்கு ஆயிரத்து முந்நூறு வருடம் பிடித்தது. பஸ்ரியாம்பிள்ளையுடைய பிழையை ஞானசவுந்தரி கலியாணம் முடித்த கிழமையே கண்டுபிடித்துவிட்டார். மூன்றாம் வகுப்புக்கு மேல் படிக்காதவர், ஒரு புத்தகமும் திறக்காதவர், ஆனால் காதை வைத்துப் பார்த்தவர். கதிரையில் இருந்தவர் குனியவில்லை, அவ்வளவுதான் நடந்தது.

ஐந்தாம் நாள் மாணவர்கள் பதினாலு பேர் வரிசையாக வந்து அவருடைய நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார்கள். பாதிப் பேர் இடப்பக்கம் வைத்து விழித்தார்கள். பழைய பஸ்ரியாம்பிள்ளை என்றால் அந்தச் சந்தர்ப்பத்தில் வெசாலியஸில் தொடங்கியிருப்பார். ஆனால் அவர் வாயைத் திறக்கவில்லை. மேசையில் கிடப்பவர்கள் பேசுவதில்லை என்பது அவருக்குத் தெரியும். கடைசியாக வந்த பிள்ளை குழாயை எடுக்கமுதல் கண்ணை மூடி வாய்க்குள் எதையோ முணுமுணுத்தாள். என்ன மந்திரம் என்று அவர் விசாரிக்கவில்லை.

தீவுக்குத் திரும்பிய அன்று இறங்குதுறை வாங்கு நிரம்பி வழிந்தது. செய்தி படகைவிட வேகமாக வந்திருந்தது.

“என்னடாப்பா,” என்றார் யாக்கோப்பு, வலையைக் கீழே வைத்துவிட்டு. “உனக்கு உள்ளுக்கை எல்லாம் மாறிக் கிடக்கெண்டால், இனி நீ வலப்பக்கமெண்டு சொன்னால் நாங்கள் இடப்பக்கமெண்டு விளங்கவேணுமோ?”

எல்லோரும் பதிலுக்குக் காத்திருந்தார்கள். குறைந்தது அரைமணி விரிவுரை வரும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. கேலனுடைய ஆட்களைப்போல, தன் உடம்பு ஏதோ இடையில் மாறிப்போய்விட்டது என்றுகூட அவர் சொல்லலாம். பஸ்ரியாம்பிள்ளை யாக்கோப்பின் தோளில் கையை வைத்தார். “தூக்கிக்கொண்டு போனதுக்கு நன்றியடா,” என்றார். வீட்டுக்கு நடந்தார். வாங்கில் இருந்தவர்களுக்கு அவருடைய வயிற்றைவிட இதுதான் பெரிய கவலையாகப் போயிற்று.

அடுத்த ஞாயிறு கடல் அடங்கியிருந்தது. சுவாமியார் படகில் வந்து பூசை வைத்தார். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். பாவத்தை ஏற்றுக்கொள்ளும் செபம் தொடங்கியபோது, பஸ்ரியாம்பிள்ளைக்கு முன்வாங்கில் இருந்த ஜோர்ஜ், பழக்கதோசத்தில் திருத்தத்துக்குப் பயந்து, தன் கையை நடுநெஞ்சிலிருந்து இடப்பக்கமாக நகர்த்திச் சரியான இடத்தில் வைத்துக்கொண்டார்.

பின்வாங்கில் பஸ்ரியாம்பிள்ளையின் கை எழும்பியது. நாற்பது வருடம் போன பாதையில் புறப்பட்டு, பாதிவழியில் நின்றது. பெண்கள் பக்கத்திலிருந்து ஞானசவுந்தரி முக்காட்டை ஒதுக்கிக்கொண்டு பார்த்தார். அந்தக் கை மெல்லத் திரும்பி, வலப்பக்கத்துக்கு வந்து, பக்கத்தில் இருந்தவருக்கும் கேட்காமல் மூன்று தரம் தட்டியது.